ஏழில் ஒரு டெட்ரிஸ் மெட்டு: கூட்டாகப் புரோக்ரெசிவ் ராக் ரீமிக்ஸ் செய்ய முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூலில் கீபோர்டு வாசிக்கும் நான், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் கிட்டார் வாசிக்கும் அண்ணன், அதே மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் பேஸ் (தாழ்சுரக் கிட்டார்) வாசிக்கும் அவருடைய தம்பி, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஆகிய நால்வரும் சேர்ந்து ஏழு நிமிடப் பாடல் ஒன்றைச் செய்து முடிக்க எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களில் நாங்கள் ஓர் அறையில் ஒன்றாக உட்கார்ந்தது இரண்டே முறைதான். மற்ற வேலையெல்லாம் கோப்புகளை அனுப்புவதிலும் பெறுவதிலும் நடந்தது. அதற்கு முன் செய்த முதல் முயற்சி பாதியில் கைவிடப்பட்டது, ஏனெனில் ஆளுக்கொரு கணக்கில் வாசித்துக்கொண்டிருந்தோம். தனித்தனி ஊரில் இருப்பவர்கள் புரோக்ரெசிவ் ராக் (தாளமும் பகுதிகளும் மாறிக்கொண்டே போகும் நீண்ட ராக் இசை) செய்ய வேண்டுமானால், வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே எண்ணிக்கையை வாயால் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது கற்ற பாடம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைச் சுற்றியே நகர்கிறது.

நம்மிடையே ரீமிக்ஸ் என்ற சொல்லுக்குப் பழைய திரைப்பாடலுக்கு அடியைக் கூட்டி ஆடவைப்பது என்ற பொருள் படிந்துவிட்டது. இங்கே அந்தச் சொல் குறிப்பது வேறு: ஒரு வீடியோ கேமின் மெட்டை எடுத்து, அதன் தாளத்தையும் கட்டமைப்பையும் மாற்றி, மனிதக் கைகளால் புதிதாக வாசித்துப் பதிவு செய்வது.

மெட்டைத் தேர்ந்தெடுத்தல்

வீடியோ கேம் இசை பெரும்பாலும் சுழன்று வருவது. ஆடுபவர் அந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாது. எனவே முடிவு மீண்டும் தொடக்கத்தில் போய்ச் சேரும்படி எழுதுவார். புரோக்ரெசிவ் ராக்கோ புறப்பட்ட இடத்திலிருந்து விலகிப்போய், மாறிய முகத்தோடு திரும்பி வருவது. சுழலும் மெட்டைப் பயணமாக மாற்றுவதுதான் இந்த வேலையின் இசைச் சிக்கல். ஆயினும் இரண்டும் தூரத்துச் சொந்தம் என்று சொல்ல இடமுண்டு. மோட்டோய் சகுராபா கேம் இசைக்கு வருமுன் புரோக்ரெசிவ் ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். நொபுவோ உவேமாட்சு 1994இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டசி 6இன் இறுதிப் போருக்குப் பல பகுதிகள் கொண்ட நீண்ட ஆர்கன் இசையை எழுதினார். பின்னர் தம் மெட்டுகளை ராக் வடிவில் வாசிக்க அமைந்த தி பிளாக் மேஜஸ் குழுவில் தாமும் ஆர்கன் வாசித்தார். அக்குழுவின் முதல் ஆல்பம் 2003இல் வந்தது.

தேர்வில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, மெட்டின் முதல் நான்கு அளவுகளை, அதாவது தாளத்தின் முதல் நான்கு சுற்றுகளை, வாயால் முணுமுணுக்க முடிய வேண்டும். முடியாத மெட்டு தாளம் மாறியவுடன் அடையாளம் தெரியாமல் போய்விடும். இரண்டாவது, ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பகுதிகளாவது அதில் இருக்க வேண்டும். மூன்றாவது உரிமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பை மூல வடிவில் மட்டுமன்றித் தழுவிய வடிவிலும் உரிமையாளரின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. அந்த உரிமை படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கிறது. கேம் இசையின் வரலாறே குறுகியது என்பதால், அநேகமாக எல்லா மெட்டும் இன்னும் ஒருவருடைய சொத்துதான். நண்பர்களுக்குள் பழகுவது வேறு, வெளியிட்டு விற்பது வேறு. வெளியிடுவதாக இருந்தால் உரிமத்தைப் பற்றிய பேச்சைப் பதிவுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

இந்தக் காரணத்தால்தான் நாங்கள் டெட்ரிஸைப் பிடித்தோம். 1989இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயில் வந்த டெட்ரிஸின் புகழ்பெற்ற முதல் மெட்டு, 'கொரோபெய்னிகி' என்னும் ரஷ்ய நாட்டுப்பாடல். நிகோலாய் நெக்ராசோவ் 1861இல் வெளியிட்ட கவிதையிலிருந்து அதன் சொற்கள் வந்தன. நாட்டுப்பாடலின் மெட்டு பொதுச்சொத்து. ஆனால் கேமின் ஒலிப்பதிவும் அதற்கென்று செய்யப்பட்ட இசையமைப்பும் கேமின் பெயரும் பொதுச்சொத்தல்ல. ஆகவே அதன் ஒலியை வெட்டி ஒட்டாமல் மெட்டை மட்டும் எடுத்து, எங்கள் பாடலுக்கு வேறு பெயர் வைத்தோம்.

யார் எதைச் செய்வது

இதை நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒருவரிடம் இறுதி முடிவு இருக்க வேண்டும். வயதில் மூத்தவர்தான் அவராக இருக்க வேண்டுமென்பதில்லை. பினாங்கு அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும், "நீ சொல்றதுதான் முடிவு தம்பி, நான் வாசிச்சு மட்டும் குடுக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ மனக்கசப்பைத் தவிர்த்தது. வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது, யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டு எழுதுதல்

மூலத்தைக் கேட்டு எழுதும்போது, அந்தக் கருவியின் ஒலிச்சில்லு ஒரே நேரத்தில் எத்தனை குரல் (தனித்தனி ஒலி) தாங்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கேம் பாயில் நான்கு குரல்கள்: சதுர அலை இரண்டு, வடிவத்தை மாற்றத்தக்க அலை ஒன்று, இரைச்சல் ஒன்று. நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவியில் எட்டு. சேகாவின் மெகா டிரைவ் கருவியில் யமஹாவின் எஃப்எம் சில்லு தரும் ஆறும், அதனுடன் தனிச் சில்லு ஒன்றின் குரல்களும். குரல்கள் குறைவு என்பதால் பழைய இசையமைப்பாளர்கள் முழுக் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்ய இயலாமல், அதன் சுரங்களை மிக வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார்கள். அந்த ஓட்டத்தை அப்படியே ஆர்கனில் வாசித்தால் கேட்கப் பதைபதைப்பாக இருக்கும். அதை மீண்டும் கார்டாகக் கூட்டி, எந்தக் கார்டு என்று பெயரிட்டு எழுதுங்கள். குரலுக்கு ஒரு தடமாக மிடி கோப்பில் (ஒலிக்குப் பதிலாக எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்புகள் அடங்கிய கோப்பு) பதிந்து எல்லோருக்கும் அனுப்பினால், பின்னர் சுரத்தைப் பற்றிய சண்டை வராது.

எங்கள் மெட்டைச் சுரப்படுத்தியபோது சுவையான ஒன்று தெரிந்தது. முதல் பகுதியில் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) வருவதால் அது நடபைரவி ராகத்தில் நிற்கிறது. அடுத்து வரும் மெதுவான பகுதியிலோ காகலி நிஷாதம் (உயர்ந்த நி) தலைகாட்டிக் கீரவாணி ராகத்தின் சாயலைக் கொண்டுவருகிறது. பாட்டு வகுப்புக்குப் போன எவரும் இதை ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்கள். கிட்டாரின் தனி ஆவர்த்தனத்தை எங்கே கீரவாணிக்கு நகர்த்துவது என்ற முடிவு இதிலிருந்தே பிறந்தது.

எட்டை ஏழாக்குதல்

புரோக்ரெசிவ் ராக் என்றவுடன் பலர் தாளத்தைத்தான் நினைக்கிறார்கள், பயப்படுவதும் அதற்காகவே. மேல்நாட்டுக் கலைஞர்கள் 7/8 என்று எழுதி, ஒன்று முதல் ஏழு வரை எண்ணிப் பழகுவார்கள். நமக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. தகிட தகதிமி என்று சொன்னால் ஏழு அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட மிஸ்ர சாபு. தக தகிட என்று சொன்னால் ஐந்து கொண்ட கண்ட சாபு. கோவிலில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழும் ஐந்தும் அயலார் வீட்டுப் பிள்ளைகள் அல்ல.

மெட்டின் முதல் நான்கு அளவுகள் மூலத்தில் எட்டெட்டு அட்சரமாக இப்படி நிற்கின்றன. காற்புள்ளி ஒவ்வொன்றும் முந்தைய சுரத்தின் நீட்சி.

ப , ரி க ம , க ரி
ச , ச க ப , ம க
ரி , , க ம , ப ,
க , ச , ச , , ,

ஒவ்வோர் அளவிலும் ஒரே ஓர் அட்சரத்தைக் கழிக்க வேண்டும். எதைக் கழிப்பது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். சுரத்தைக் கழித்தால் மெட்டு சிதைந்துவிடும். நீட்சியைக் கழித்தால் சுரங்கள் எல்லாம் தங்கிவிடும்.

ப , ரி | க ம க ரி
ச , ச | க ப ம க
ரி , , | க ம ப ,
க , ச | ச , , ,

வாயால் தகிட தகதிமி சொல்லிக்கொண்டே இதைப் பாடிப் பாருங்கள். நான்கு அளவும் மூன்றும் நான்குமாகப் பிரிந்து விழுகின்றன. ஒரு சுரம்கூடக் காணாமல் போகவில்லை. கேட்பவருக்கு மெட்டு உடனே தெரிகிறது, ஆனால் கால் தட்டினால் ஏதோ இடறுகிறது. அந்த இடறல்தான் நமக்கு வேண்டியது. எல்லா மெட்டும் இவ்வளவு இலகுவாக இடம்கொடுக்காது. நீட்சியே இல்லாத அளவு வந்தால் அதை எட்டாகவே விட்டுவிட்டு, மூன்று ஏழும் ஓர் எட்டுமாக வைத்துக்கொள்வது நல்லது. கணக்குக்காக மெட்டை வதைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இதே கணக்கில் இன்னும் இரண்டு வித்தைகள் செய்யலாம். எட்டு ஏழும் ஏழு எட்டும் ஐம்பத்தாறு என்பதால், கிட்டாரை ஏழில் ஓடவிட்டு டிரம்ஸை எட்டில் நிறுத்தினால், இரண்டும் விலகிப்போய் ஐம்பத்தாறாவது அட்சரம் முடிந்தவுடன் மீண்டும் ஒன்றாக விழும். அடுத்தது மோரா, அதாவது ஒரே சொற்கட்டை மும்முறை அடித்து முடிப்பது. ததிகிணதொம் என்னும் ஐந்தை மூன்று முறை சொல்லி, இடையில் இரு முறை மும்மூன்று அட்சரம் கார்வை (இடைவெளி) விட்டால், ஐந்தும் மூன்றும் ஐந்தும் மூன்றும் ஐந்துமாக இருபத்தொன்று ஆகிறது. அதாவது சரியாக மூன்று மிஸ்ர சாபு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). அதை எல்லா வாத்தியங்களும் ஒன்றாக அடித்து முடித்தால், அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் (முதல் அட்சரத்தில்) மெட்டு திரும்பி வருவது அவ்வளவு கம்பீரமாக இருக்கும்.

நால்வரும் ஒன்றாக உட்கார்ந்த முதல் சந்திப்பில் வாத்தியம் எதையும் எடுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவுக்கடையின் மாடியில் மேசையைத் தட்டிக்கொண்டு முழுப் பாடலையும் சொற்கட்டாகச் சொன்னோம். ஜார்ஜ்டவுன் தம்பி பாதியில் நிறுத்தி, "அண்ணே, நான் இவ்வளவு நாளா எட்டாவே எண்ணிக்கிட்டு இருந்தேன் லா" என்றார். எங்கள் முதல் முயற்சி ஏன் நின்றது என்பதற்கு விளக்கம் அந்த மேசையில்தான் கிடைத்தது.

பாடலின் வரைபடம்

அடுத்து, பாடலை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தாளம், வேகம், சுருதி, எத்தனை அளவு, எந்த வாத்தியம் முன்னால் நிற்கிறது என்ற ஐந்தும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். கால் சுரம் (இரண்டு அட்சரம்) நிமிடத்துக்கு 132 என்றால் 7/8 அளவு ஒன்று ஏறக்குறைய 1.59 நொடி, பதினாறு அளவுகள் இருபத்தைந்தரை நொடி. இப்படிக் கணக்கிட்டால், தனி ஆவர்த்தனம் நாற்பது அளவு வேண்டும் என்று கிட்டார்க்காரர் கேட்கும்போது, அது ஒரு நிமிடத்துக்கும் மேல் என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

எங்கள் வரைபடம் இப்படி இருந்தது: தொடக்கத்தில் சதுர அலை ஒலியில் நாங்களே வாசித்த மூல மெட்டு, எட்டில்; பின் பேஸ் மட்டும் ஏழைத் தொடங்க, ஆர்கனும் டிரம்ஸும் ஒவ்வொன்றாக நுழைதல்; முழு மெட்டு ஏழில்; வேகம் பாதியாகக் குறைந்து கீரவாணியில் கிட்டார்; உறுமி மட்டும் தனியாக; ஏழும் எட்டும் மோதும் பகுதி; மோரா; கடைசியாக மெட்டு மீண்டும் எட்டில், ஆனால் எல்லா வாத்தியங்களோடும். மூல மெட்டு பாடலில் முழுதாக மூன்று முறையே வருகிறது. முதல் வரைவில் அது ஒன்பது முறை வந்தது. கேம் மெட்டின் சுழலும் குணம் நம் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதை அப்போது உணர்ந்தேன்.

வழிகாட்டித் தடமும் கோப்புகளும்

வரைபடம் முடிந்தவுடன், வேக மாற்றங்களும் தாள மாற்றங்களும் அடங்கிய மிடி கோப்பையும், அதே கணக்கில் கிளிக் ஒலியோடு சேர்ந்த வழிகாட்டித் தடத்தையும் ஒருவரே தயாரிக்க வேண்டும். வெவ்வேறு மென்பொருள்கள் தாள மாற்றத்தை வெவ்வேறு விதமாகப் படிக்கக்கூடும் என்பதால், ஒலிக்கோப்பையே கடைசிச் சாட்சியாகக் கொள்ளுங்கள். சாதாரண டிக் ஒலிக்குப் பதிலாக நான் என் குரலில் தகிட தகதிமி சொல்லிப் பதிந்தேன். அளவு எங்கே தொடங்குகிறது என்று டிக் சொல்லாது, குரல் சொல்லும். தடத்தின் தலையிலும் வாலிலும் ஒரு பலமான தட்டல் வையுங்கள். திரும்பி வரும் கோப்பில் இரண்டு தட்டலும் உங்கள் தட்டல்களோடு பொருந்தினால் எதுவும் நகரவில்லை என்று அறியலாம்.

கோப்புகளுக்கு விதிகள் சிலவே. எல்லாத் தடமும் பாடலின் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், வாசிப்பவர் நான்காம் நிமிடத்தில் நுழைந்தாலும் சரி. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது 48 கிலோஹெர்ட்ஸ், அதன் நுணுக்கம் 24 பிட், சுருக்கப்படாத வேவ் வடிவம். உச்ச ஒலி 0 டெசிபலைத் தொடாமல் ஆறு டெசிபலாவது இடம் விட்டிருக்க வேண்டும். இந்த அளவில் ஒற்றைத் தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட், ஏழு நிமிடத்துக்கு அறுபது, இருபத்துநான்கு தடத்துக்கு ஒன்றரை கிகாபைட்டுக்குச் சற்றே குறைவு. எம்பி3ஐ அனுப்ப வேண்டாம். அந்த வடிவத்துக்கு மாற்றும்போது தொடக்கத்தில் மௌனம் சேர்கிறது. சுமார் 25 மில்லிநொடி நகர்வு வரக்கூடும். சில மென்பொருள்கள் அதை ஈடுசெய்யும், சில செய்யா. டிரம்ஸ் தடத்தில் அவ்வளவு நகர்வு போதும், மொத்தப் பாடலும் சோம்பல் முறிப்பதுபோல் கேட்கும்.

வாங்கிய அடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேஸ் தடம் 44.1 கிலோஹெர்ட்ஸில் வந்திருந்தது. நான் பார்க்காமல் மாற்றமின்றி 48இல் ஓடவிட்டேன். சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிட்டது, நீளமும் சுருங்கியது. ஏழு நிமிடத்துக்கு வாசித்தது ஆறே முக்கால்கூட இல்லாமல், ஆறு நிமிடம் இருபத்தாறு நொடியில் முடிந்துவிட்டது. தம்பி தப்பாகச் சுருதி சேர்த்திருக்கிறார் என்று எண்ணி ஓர் இரவு முழுவதும் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வால் தட்டலைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பதிவு செய்தல்

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே இணையம் வழியாக ஒரே நேரத்தில் வாசிக்க முயல வேண்டாம். கருவிகளின் தாமதமும் வலையமைப்பின் தாமதமும் கூடும்போது ஏழு எட்டாகிவிடும். வரிசையாகப் பதியுங்கள்: முதலில் தோராயமான கீபோர்டு, அதன்மேல் டிரம்ஸ், பிறகு பேஸ், பிறகு கிட்டார், கடைசியில் உண்மையான கீபோர்டு. டிரம்ஸை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் பதிவதே நல்லது. கிட்டாரை ஆம்ப் ஒலியோடு பதியும்போதே, கம்பியிலிருந்து நேராக வரும் சுத்தமான ஒலியையும் தனித் தடமாக எடுத்து வைத்தால், பின்னர் ஆம்ப் ஒலியை மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் பதிபவர்கள் மின்விசிறியையும் ஏர்கானையும் நிறுத்திவிட்டுத்தான் மைக்கைத் திறக்க வேண்டும். வியர்வைக்கு ஒரு துண்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது, எனவே நாங்கள் காலையிலேயே பதிந்தோம்.

உறுமிக்குத் தனிக் கவனம் தேவை. அதன் ஒரு முகம் அடிக்கப்படுவது, மறுமுகம் வளைந்த குச்சியால் உரசப்படுவது. அந்த உரசலிலிருந்துதான் முனகல் எழுகிறது. தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைப் படியருகே நின்று கேட்டவர்களுக்கு, அந்த முனகல் மார்புக்குள் இறங்குவது தெரியும். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் அடியே மேலோங்கும். இரு முகத்துக்கும் ஒவ்வொரு மைக் வைத்து, உரசும் முகத்தின் மைக்கை ஒரு சாண் தள்ளி வையுங்கள். உறுமி வாசித்த இளைஞர் கிளிக்கைக் கேட்டு வாசிக்க மிகவும் தடுமாறினார். கிளிக்கை எடுத்துவிட்டுக் குரல் சொற்கட்டை மட்டும் காதில் போட்டவுடன், இரண்டாவது முறையிலேயே முடித்துவிட்டார்.

திருத்தம் சொல்லுதல்

நேரம் குறிப்பிட்டுப் பேசுங்கள். "கிட்டார் சரியில்லை" என்ற செய்தி மனத்தைப் புண்படுத்துமே தவிர எதையும் திருத்தாது. "மூன்று நிமிடம் பன்னிரண்டாவது நொடியில், நான்காம் ஆவர்த்தனத்தின் தகதிமியில் கிட்டார் முந்துகிறது" என்றால் வாசித்தவர் நேரே அங்கே போவார். கோப்பின் பெயரில் வாத்தியம், தேதி, பதிப்பு எண் மூன்றும் இருக்கட்டும். இறுதி, கடைசி இறுதி, உண்மையான இறுதி என்று பெயரிடும் பழக்கத்தை யாரும் விடப்போவதில்லை என்றாலும் முயலலாம்.

கலவையும் வெளியீடும்

இந்த வகை இசையில் எல்லோரும் எந்நேரமும் வாசித்துக்கொண்டே இருக்க விரும்புவார்கள். கலவை செய்பவரின் முதல் வேலை நிறுத்துவது. ஆர்கனின் இடக்கையும் பேஸும் ஒரே இடத்தில் மோதுகின்றன. நான் என் இடக்கையை ஏறத்தாழ முழுவதும் அழித்துவிட்டேன், பாடல் உடனே மூச்சுவிட்டது. உறுமியின் முனகலும் டிரம்ஸின் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேரும் இடங்களில் கிக்கைக் குறைத்தோம். தொடக்கத்துச் சதுர அலையை இறுதியிலும் கிட்டாருக்கு அடியில் மெலிதாக ஓடவிட்டால், மூலத்தின் நிறம் கடைசிவரை தங்குகிறது.

ஒலியளவை நசுக்கி உயர்த்தாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் ஏறத்தாழ −14 எல்யுஎஃப்எஸ் (சராசரி ஒலியளவின் அலகு) அளவுக்குப் பாடலைச் சமன்செய்துவிடுவதால், சத்தமாகச் செய்வதில் ஆதாயம் இல்லை. மென்மைக்கும் வன்மைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் இழப்பீர்கள். அந்த இடைவெளியைச் சோதிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. பழைய பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் பத்து நிமிடம் ஆகும், ஏழு நிமிடப் பாடல் அதற்குள் அடங்கும். சாலை இரைச்சலுக்கு நடுவே, கார் ஒலிபெருக்கியில், கீரவாணிப் பகுதியின் முதல் சுரங்கள் கேட்கவே இல்லை என்று அண்ணன் பாலத்தைத் தாண்டியதும் அழைத்துச் சொன்னார். அதை இரண்டு டெசிபல் உயர்த்தினேன். மறுவாரம் தாம் மட்டும் ஒருமுறை பாலத்தில் போய்வந்து சரி என்றார்.

வெளியிடும்போது மூல மெட்டு எது, அதை யார் மறு இசையமைப்புச் செய்தார்கள், எந்த வாத்தியம் யாருடையது என்பதை உறுமிக்காரர் உட்பட ஒருவர் பெயரும் விடுபடாமல் எழுதுங்கள். கலவைக்குப் போன எல்லா வேவ் கோப்புகளையும், மிடியையும், வரைபடத் தாளின் படத்தையும் இரண்டு ஊரிலும் ஒவ்வொரு வட்டில் பிரதியெடுத்து வையுங்கள். செந்தூலில் என் வட்டு அடுத்த ஆண்டே பழுதானது. பட்டர்வொர்த்தில் இருந்த பிரதியிலிருந்துதான் இதிலுள்ள எண்களை எடுத்தேன்.